மடப்பள்ளி டிவியில் எரிந்த பச்சை



பங்குனி உத்திரத்தன்று அன்னதானம் ஏன் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று பலர் கேட்டீங்க. மறைக்க ஒண்ணுமில்லை. நடந்ததை அப்படியே சொல்றோம்.

மடப்பள்ளி சுவரில் ஒரு பழைய டிவி மாட்டியிருக்கோம், பார்த்திருப்பீங்க. அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் தோம்பு என்று மொத்தம் 14 பொருள். ஸ்டோர் பார்க்கிற அக்கா தினமும் சாயந்திரம் இருப்பை எண்ணி போனில் பதிவு செய்வாங்க. அது டேட்டாபேஸுக்குப் போகும். கம்ப்யூட்டர் படிக்கிற நம்ம கோயில் தம்பி எழுதிக் கொடுத்த குவெரி, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே கேள்வியைக் கேட்கும்: "கடைசி 24 மணி நேரப் பதிவில் எத்தனை பொருள் குறைவா இருக்கு?" பதில் 0 என்றால் பச்சை. 1 அல்லது 2 என்றால் மஞ்சள். 3 அல்லது அதுக்கு மேல் சிவப்பு.

அன்றைக்குக் காலை 5 மணிக்குப் பச்சைதான் எரிஞ்சது. அதை நம்பி அடுப்பு மூட்டினோம். 9 மணிக்கு, சாம்பார் பாதி கொதியில் அடுப்பு அணைஞ்சிடுச்சு. மாற்றுத் தோம்பு ஒண்ணுகூட இல்லை. சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற பக்தர் ஒருத்தர் தன் கடைத் தோம்பு இரண்டை வேனில் ஏத்திக்கிட்டு வந்து காப்பாத்தினார். அதுக்குள்ள, சர்க்கரைக்கு ஊசி போட்டுட்டுச் சாப்பிடக் காத்திருந்த ஒரு பாட்டிக்கு மயக்கம் வந்திடுச்சு. நல்லவேளை, சீனித் தண்ணி கொடுத்ததும் தெளிஞ்சாங்க.

சிலர் அக்கா மேல கோபப்பட்டாங்க. மகள் பிரசவத்துக்குப் போன அக்கா 4 நாளா பதிவு செய்யலை, உண்மைதான். ஆனா தப்பு அவங்க மேல இல்லை. பதிவே இல்லாதப்போ "எத்தனை குறைவு?" என்று கேட்டா, டேட்டாபேஸ் என்ன சொல்லும்? 0 என்றுதான் சொல்லும். 0 என்றால் பச்சை. எல்லாம் நிறைஞ்சிருந்தாலும் 0, யாருமே எண்ணாட்டியும் 0. அந்தக் கணக்கைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கதான்.

இத்தனை வருஷம் ஃபாக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்த்த எங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். அங்கே மெஷின் மேல மூணு கலர் விளக்குக் கம்பம் இருக்கும். கரண்ட் போனா மூணும் அணைஞ்சிடும். இருட்டா இருக்கிற கம்பத்தை யாரும் பச்சைன்னு நினைக்க மாட்டோம், ஓடிப் போய்ப் பார்ப்போம். டிவியில் அந்த இருட்டுக்கு நாங்க இடமே வைக்கலை.

இப்போ மாத்தியாச்சு. குவெரி முதல்ல, "14 பொருளுக்கும் பதிவு வந்திருக்கா?" என்று கேட்கும். ஒண்ணு குறைஞ்சாலும் சாம்பல் நிறம், கூடவே "எண்ணவில்லை" என்று எழுத்து. எல்லாம் வந்த பிறகுதான் மற்ற நிறம். சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பார்க்க முடியாத ஐயா ஒருத்தர் நம்ம சேவையில் இருக்கார். அவருக்காக மற்ற நிறத்துக்கும் எழுத்துப் போட்டாச்சு.

சேவைக்கு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்கா இல்லாத நாளில், அன்றைக்கு மடப்பள்ளியில் இருக்கிற யாராவது எண்ணிப் பதிவு செய்யுங்க. நேத்து இருந்த அதே அளவுதான் என்றாலும் பதிவு செய்யுங்க. பத்து நிமிஷ வேலை. டிவியில் சாம்பல் தெரிஞ்சா யாரையும் திட்ட வேண்டாம், ஸ்டோர் கதவைத் திறந்து பாருங்க.

காத்திருந்த எல்லாரிடமும், முக்கியமா அந்தப் பாட்டியிடமும், மன்னிப்புக் கேட்டுக்கிறோம்.

அம்மன் துணை.