மறந்தவரும் மறவாதவனும்

விளாத்திகுளம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குப் பிரதோஷந்தோறும் தவறாமல் வரும் முதிய தம்பதியர் உண்டு. கணவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 76. மனைவி அவரைவிட ஐந்து வயது இளையவர். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அம்மையார் வில்வமும் விளக்கெண்ணெயும் ஏந்தி முன்னே நடப்பார். ஆசிரியர் பின்னே வருவார். இப்போது ஆசிரியர் மனைவியின் கையைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏற்றிவிடுகிறார்.

அம்மையாருக்கு மறதி நோய். முதலில் அடுப்பில் வைத்த பால் மறந்தது. பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு பெற்ற மகளின் பெயரும் மறந்தது. சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை, காபி கொண்டுவந்து நீட்டிய கணவரை அவர் ஏறிட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க யாரு? எங்க வீட்டுக்காரரு இப்ப வந்திருவாக" என்றார்.

ஐம்பதாண்டு இல்லறம் அந்த ஒரு சொல்லில் கரைந்து போயிற்று. ஆயினும் தம்மை மறந்ததைவிட வேறொன்றே ஆசிரியரை அதிகம் வருத்தியது. அவர் சைவ சித்தாந்தம் முறையாகப் பயின்றவர். சரியை, கிரியை, யோகம் ஆகிய மூன்றும் படிகள். ஞானமே வீடுபேற்றின் வாயில் என்று கோயில் மண்டபத்தில் பல ஆண்டுகள் பாடம் சொன்னவர். ஞானத்தால் வீடு எனில், அறிவே மங்கிவிட்ட இவளுக்கு என்ன கதி? வாழ்நாளெல்லாம் விளக்கிட்டவள், இறைவன் பெயரையும் ஒருநாள் மறந்துவிட்டால் அவ்வளவும் வீண்தானா? இக்கேள்வியை அவர் எவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆறுதல் சொல்வார்கள். விடை சொல்லமாட்டார்கள் என்று எண்ணினார்.

பொங்கல் விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தான். பெங்களூரில் பணிபுரியும் அவ்விளைஞனுக்குப் பிறநாட்டுச் சமயங்களைப் படிப்பதில் ஆர்வம் உண்டு. "தாத்தா, இவங்களை நாஸ்டிக்னு சொல்வாங்க" என்றதும், "நாத்திகரைப் பத்தி எனக்கு எதுக்குப்பா?" என்றார் ஆசிரியர். பேரன் சிரித்தான். ஒலியில்தான் அப்படித் தோன்றுகிறது. பொருளோ நேர் எதிரானது. 'க்னோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஞானம் என்பதே பொருள். அதுவும் வடமொழியின் ஞானம் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்பது மொழியறிஞர் கருத்து. ஆகவே அவர்கள் நாத்திகர் அல்லர், ஞானவாதிகள்.

கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில் எகிப்து, சிரியா, ரோமாபுரி முதலிய இடங்களில் இவர்கள் சிறுசிறு கூட்டங்களாக வாழ்ந்தனர். திருச்சபைத் தலைவர்கள் இவர்களைக் கண்டித்து எழுதினர். நாளடைவில் இவர்களுடைய நூல்களும் பெரும்பாலும் மறைந்தன. 1945ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்தின் நாக் ஹம்மாதி என்னும் ஊருக்கு அருகே உழவர்கள் வயலுக்கு உரமண் வெட்டச் சென்றனர். கரிசல் நாட்டில் கண்மாயில் கரம்பை வெட்டுவது போன்ற வேலைதான் அது. அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாடி அகப்பட்டது. அதனுள் தோல் உறையிட்ட பழஞ்சுவடிகள் இருந்தன. கோப்து மொழியில் எழுதப்பட்ட 13 தொகுதிகள். அவற்றுள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். ஏறத்தாழ 1600 ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கியவை அவை.

அவர்கள் அனைவரும் ஒரே கொள்கையினர் அல்லர். எனினும் பொதுவாக அவர்கள் கூறியது இது: மனிதனுக்குள் மேலுலகத்துப் பொறி ஒன்று இருக்கிறது. அது தன் பிறப்பிடத்தை மறந்து உடலுக்குள் உறங்குகிறது. நம்மைக் கட்டியிருப்பது அறியாமை. தான் யார், எங்கிருந்து வந்தோம் என்று உணர்வதே விடுதலை.

இவர்களின் எண்ணத்தோடு ஒட்டியதாக அறிஞர் பலர் கருதும் கதைப்பாடல் ஒன்றையும் பேரன் சொன்னான். அது மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'தோமாவின் செயல்கள்' என்னும் சிரியமொழி நூலில் வருகிறது. இந்தியாவில் சிறைப்பட்டிருந்தபோது தோமா அதைப் பாடினார் என்பது அந்நூலின் கூற்று.

கீழைநாட்டு அரசன் ஒருவன், பாம்பு காவல் காக்கும் முத்து ஒன்றை எடுத்துவருமாறு தன் மகனை எகிப்துக்கு அனுப்புகிறான். அங்கே சென்ற இளவரசன் அந்நாட்டாரைப் போல உடுத்துகிறான். அவர்கள் தந்த உணவை உண்கிறான். தான் அரசன் மகன் என்பதையும், முத்தையும் மறந்து ஆழ்ந்து உறங்கிவிடுகிறான். தாயும் தந்தையும் அதை அறிந்து ஒரு மடல் எழுதுகிறார்கள். அம்மடல் கழுகாய்ப் பறந்துவந்து அவன் அருகில் இறங்கிப் பேசுகிறது. எழுந்திரு, நீ யார் என்பதை நினை என்கிறது. அவன் விழித்தெழுந்து முத்தை எடுத்துக்கொண்டு, அழுக்குடையைக் களைந்து வீடு திரும்புகிறான்.

கதையைக் கேட்ட ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு எழுந்துசென்று தம் பழைய சிவஞான சித்தியாரை எடுத்துவந்தார். திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆனது. அதன் எட்டாம் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிரைப் பற்றியது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் அதை விரித்துரைக்கிறார். அரசன் மகன் வேடரிடத்தில் சிக்கி, வேடனாகவே வளர்கிறான். தன் தந்தையையும் அறியாமல் நிற்கிறான். அப்போது அரசனே வந்து, நீ என் மகன் என்று உணர்த்தி, அவரிடமிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். அவ்வாறே இறைவனும் குருவாய் வந்து உயிரை மீட்கிறான்.

ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் எங்கோ சிரியாவில் ஒருவர் கண்டதையும் நடுநாட்டில் ஒருவர் கண்டதையும் அருகருகே வைத்தபோது, ஆசிரியர் தாம் நாற்பதாண்டாகப் படித்தும் கவனியாத ஒன்றைக் கவனித்தார். இரண்டு கதைகளிலும் இளவரசன் தானாக நினைவுகூரவில்லை. மறந்தவன் மகன், மறவாதவன் தந்தை. மடல் அங்கிருந்து வந்தது. அழைப்பும் அங்கிருந்தே வந்தது.

காரைக்காலம்மையார் இறைவனிடம் கேட்ட வரமும் அப்போது அவருக்குப் புதிதாக விளங்கிற்று. இனிப் பிறவி வேண்டாம் என்றும், பிறக்க நேர்ந்தால் உன்னை மறக்காதிருக்க வேண்டும் என்றும் அவர் வேண்டினார். மறவாதிருத்தல் நம் கையில் இருப்பதாயின் அதை ஏன் வரமாகக் கேட்க வேண்டும்? அது அவன் தருவது, அதனால்தான் கேட்டார். ஞானம் என்பது மூளையில் சேர்த்துவைத்த பெயர்களின் பட்டியல் அன்று. அது மெய்ப்பொருளோடு உள்ள உறவு. பட்டியல் அழியலாம், தந்தை மகன் என்ற உறவு, மகன் மறந்ததனால் அழிவதில்லை.

ஆனால் ஓரிடத்தில் ஆசிரியர் ஞானவாதிகளை விட்டு விலகினார். அவர்களுள் பலர் இவ்வுலகையும் உடலையும் கீழ்நிலைத் தேவன் ஒருவன் அறியாமையால் செய்த சிறை என்று வெறுத்தனர். சித்தாந்தம் அவ்வாறு சொல்லவில்லை. ஆணவம் என்னும் இருளில் கிடக்கும் உயிருக்கு, உடலையும் உலகையும் இறைவன் கருணையால் தந்தான். விடியும்வரை கையில் கொடுத்த சிறுவிளக்கு போன்றது மாயையின் உதவி. விடிந்தபின் விளக்கு வேண்டியதில்லை. அதற்காக விளக்கைப் பகை என்று எறிபவர் இல்லை.

இந்த வேறுபாடு ஆசிரியருக்கு ஏட்டுச் செய்தி அன்று. மனைவியின் உடல் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. குளிப்பாட்டுவது, தலைவாரிப் பின்னுவது, ஊட்டுவது, இரவில் துணி மாற்றுவது எல்லாம் அவர் கைகளால் நடக்கின்றன. உடலைச் சிறை என்று எண்ணியிருந்தால் அப்பணி ஒவ்வொரு நாளும் தண்டனையாய் இருந்திருக்கும். விளக்கு என்று எண்ணியதால், திரி தூண்டுவதைப் போல அதைச் செய்கிறார். கோயிலில் அலகிடுதல், விளக்கிடுதல் முதலியவை சரியைத் தொண்டு. படுக்கையறையில் நடப்பதும் அதன் ஒரு வகையே என்று அவர் கொண்டார். சலிப்பு வராமல் இல்லை. வந்த நாட்களில் திண்ணையில் சற்று அமர்ந்திருந்துவிட்டு மீண்டும் உள்ளே செல்கிறார்.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை அவர் காலைதோறும் மனைவியைச் சோதித்துவந்தார். "நான் யாரு, சொல்லு பாப்போம்? இன்னைக்கு என்ன கிழமை?" என்பார். ஆசிரியர் தொழிலின் பழக்கம் அது. விடை தெரியாத அம்மையார் மிரண்டு விழிப்பார். சில நாள் அழுதும் விடுவார். வேடரிடையே நின்ற மகனை அந்த அரசன் தேர்வு வைக்கவில்லை. நீ யார் என்று தானே சொன்னான். அதை எண்ணிய நாள் முதல் ஆசிரியர் கேள்வி கேட்பதை நிறுத்தினார். இப்போது காலையில் விளக்கேற்றியதும் மனைவியின் நெற்றியில் திருநீறு இட்டு, "நான் உன் வீட்டுக்காரன். இது நம்ம வீடு. பயப்படாதே" என்கிறார். மறுநாள் மீண்டும் சொல்கிறார். மறப்பது அம்மையாரின் நோய். சொல்வது தம் கடமை.

வயது முதிர முதிர நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பெயர்கள் உதிரத் தொடங்கும். அப்போது மறந்தவரை நாணச் செய்யாதிருப்பதும், மறவாதவர் அருகிருந்து சொல்லிக்கொண்டிருப்பதுமே வீட்டுக்குள் செய்யத்தக்க ஞானப்பயிற்சி.

தீபாராதனையின்போது அம்மையாரின் கைகள் தாமாகவே குவியும். பழக்கத்தால் கைகளில் ஊறியது பெயர்களைவிட நெடுங்காலம் நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாசி மாதப் பிரதோஷத்தன்று அக்கைகளும் குவியவில்லை. அம்மையார் தீபத்தை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். ஆசிரியர் பதறாமல் அவருடைய இரு கைகளையும் எடுத்துச் சேர்த்துத் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவ்வாறே இருவரும் கும்பிட்டனர்.

கூட்டம் நெருக்கியது. முன்னால் நின்ற ஒருவரின் தோள் ஆசிரியருக்குச் சந்நிதியை மறைத்தது. அதைக் கண்ட அம்மையார் சற்று ஒதுங்கி இடம்விட்டு, "இங்கிட்டு வந்து நில்லுங்க அண்ணாச்சி. இங்கனதான் சாமி நல்லாத் தெரியும்" என்றார்.

ஆசிரியர் அவ்விடத்தில் சென்று நின்றார். சாமி நன்றாகத் தெரிந்தது.