தனிச் சட்டி

உணவையும் பண்பாட்டையும் படிக்க இத்தாலிக்குப் போனேன். போன புதிதிலேயே, என்னோடு படிக்க வந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் உணவை அவமதித்தேன். அவர் பக்கத்தில் நிற்கும்போதே, அது தமிழர் உணவே இல்லை என்று வகுப்பில் பொய் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் தீர்ப்பு உங்களுடையது. அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

எனக்குத் திருநெல்வேலி. சைவ வேளாளர் வீடு. வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. "நாங்க சைவம்" என்று நாங்கள் சொன்னால் கேட்பவருக்கு எங்கள் சாதியும் சேர்ந்தே புரியும். புரியட்டும் என்றுதான் சொல்வோம். அந்தப் பெருமையோடுதான் விமானம் ஏறினேன். அப்போது அதைப் பெருமை என்று நினைக்கவில்லை. பழக்கம் என்று நினைத்தேன்.

நான் படித்தது வட இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில். கல்லூரியின் பெயர் வேண்டாம். குற்றம் அதனுடையது இல்லை. ஸ்லோ ஃபுட் இயக்கத்தைத் தொடங்கிய கார்லோ பெட்ரினியின் ஊரான பிரா அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது கிளம்பிய எதிர்ப்பு, 1989இல் பாரிஸில் ஓர் அறிக்கையாகி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உணவு நல்லதாக, தூயதாக, நியாயமானதாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மறைந்துவரும் உணவுகளைத் தேடிப் பட்டியல் போட்டுக் காக்கிறார்கள். அதைப் படித்து மயங்கித்தான் விண்ணப்பம் எழுதினேன். எளியவர்களின் உணவை மதிப்பது பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன்.

அந்த ஆண்டு இன்னொரு தமிழரும் வந்திருந்தார். ஆம்பூர்ப் பக்கம். தமிழ் கேட்டதும் இருவருக்கும் சந்தோஷம். ஹாஸ்டலில் எல்லோருக்கும் பொதுவான ஒரே சமையலறை. வந்த கையோடு அவர் மாட்டுக்கறி வாங்கி வந்தார்.

"இங்க கறி ரொம்ப நல்லா இருக்கு. மிளகு போட்டு வறுக்கப்போறேன். நீங்களும் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிட மாட்டேன்" என்றேன். அதில் தவறில்லை. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவர் பாடு. தவறு மறுநாள் தொடங்கியது. கடைக்குப் போய்ப் புதுச் சட்டி வாங்கினேன். அதன்மேல் டேப் ஒட்டி, என் பெயரையும் 'சைவம் மட்டும்' என்றும் ஆங்கிலத்தில் எழுதினேன். மற்ற மாணவர்கள் கேட்டதற்கு மத வழக்கம் என்றேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறகு அலமாரியில் என் சட்டியை மேல்தட்டில் வைத்து, அவருடைய வாணலியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாலையில் அவர் அலமாரியைத் திறந்தார். ஊரில் பார்த்துப் பழகிய ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கீழ்த்தட்டிலிருந்து வாணலியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார்.

நாங்கள் இருந்த மண்ணையும் சொல்லவேண்டும். பியட்மான்ட் மாட்டிறைச்சியைக் கொண்டாடும் பகுதி. ஆல்பா ஊரில் இளங்கன்றின் இறைச்சியைக் கொத்திப் பச்சையாகவே பரிமாறுகிறார்கள். பிராவின் சாசேஜும் மாட்டிறைச்சிக்குப் பேர்போனது. அதையும் பச்சையாகவே சாப்பிடுவார்கள். பக்கத்துக் கெராஸ்கோவில் வாழ்ந்த யூதர்கள் பன்றி இறைச்சியைத் தொடமாட்டார்கள், அவர்களுக்காகத்தான் மாட்டிறைச்சியில் செய்யும் வழக்கம் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். பக்கத்து ஊர்ச் சிறுபான்மையினரின் விலக்கை மதித்து ஓர் ஊர் தன் பண்டத்தையே மாற்றிக்கொண்ட கதை அது. நான் என் விலக்கை வைத்து ஒருவரைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன்.

அடுத்து வகுப்பு. புதிதாக வந்தவர்கள் தங்கள் ஊர் உணவைப் பற்றிப் பேசவேண்டும். தமிழ்நாட்டைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து பேச ஏற்பாடு. அவர் பாட்டியின் உப்புக்கண்டத்தைப் பற்றிச் சொல்ல விரும்பினார். கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைக்கும் முறை. நினைத்த நாளில் கறி வாங்க முடியாத வீட்டில், கிடைத்த நாளில் கிடைத்ததைப் பல நாளுக்குக் காப்பாற்றும் அறிவு அது. குடல் கழுவும் பக்குவம், ரத்தப் பொரியல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். வாசலில் கறிச்சரம் தொங்கும் படம்கூட இருந்தது.

நான் வாழையிலை, சாம்பார், ஃபில்டர் காபிப் படங்களைச் சேர்த்தேன். எங்கள் கல்யாண வீடுகளில் மறுநாள் வைக்கும் சொதியையும் சேர்த்தேன். "நான் முதல்ல பொதுவாச் சொல்லிடறேன். அப்புறம் நீங்க உங்க வீட்டுச் சமையலைச் சொல்லுங்க" என்றேன். என்னுடையது பொது, அவருடையது வீட்டு விஷயம் என்று அந்த ஏற்பாட்டிலேயே தீர்த்துவிட்டேன். வகுப்பில் அவருடைய நேரத்தையும் சேர்த்து நானே பேசினேன். வேண்டுமென்றே பேசினேன்.

முடிவில் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டார். அன்று காலைதான் அவர் ஃபினான்சியேரா பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். சேவல் கொண்டையையும் உள்ளுறுப்புகளையும் போட்டுச் செய்யும் பியட்மான்ட் பதார்த்தம் அது. "உங்கள் ஊரில் மாட்டிறைச்சி உண்டா? உள்ளுறுப்புகளை எப்படிச் சமைப்பார்கள்?" என்று ஆவலோடு கேட்டார். என் பக்கத்தில் நின்றவர் நோட்டைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன். "தமிழர் மரபு சைவம். மாட்டுக்கறியை அங்கே உணவாகவே நினைப்பதில்லை. சிலர் வறுமையால் சாப்பிடுகிறார்கள்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். சேர்த்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பேராசிரியை கேட்டதற்கு, இல்லை என்று தலையசைத்தார். வகுப்பு எனக்குக் கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது.

தெரியாமல் சொல்லவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இந்திய அரசின் 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் சாப்பிடுகிறார்கள். அந்த எண்ணை என் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநருக்குப் படைத்த இறைச்சி விருந்தைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். நூற்றில் மூன்று பேர்கூட இல்லாத கூட்டத்தில் பிறந்துகொண்டு, நூறு பேருக்கும் நானே வாய் என்று நின்றேன்.

ஏன்? பயம். அந்த வகுப்பில் இருந்த ஜெர்மானியருக்கும் கொரியருக்கும் நாங்கள் இருவரும் ஒன்று. ஒரே மொழி, ஒரே நிறம், ஒரே ஊர்க்காரர்கள். அந்தச் சமத்துவத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஊரில் நான் யார் என்று சொல்ல எங்கள் தெரு இருந்தது. இத்தாலியில் எனக்கு இருந்தது ஒரு சட்டியும் ஒரு நாக்கும்தான். இரண்டையும் பயன்படுத்தினேன்.

விலை கொடுத்தவர் அவர். கொஞ்ச நாளில் பொதுச் சமையலறைக்கு வருவதையே விட்டுவிட்டார். ரொட்டியும் டின் மீனும் வாங்கி அறையிலேயே சாப்பிட்டார். தன் பகுதியின் உள்ளுறுப்புச் சமையலை ஆய்வேடாக எழுதவேண்டும் என்றுதான் அவர் அவ்வளவு தூரம் வந்தார். அந்தத் தலைப்போடு ஆசிரியர்களிடம் போனபோது, இது மரபு என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். நான் வகுப்பில் சொன்னது அவர்கள் நினைவில் இருந்தது. பாட்டியின் கைப்பக்குவத்துக்கு அவர் எங்கே போய்ச் சான்று வாங்குவார்? என் சொதிக்கு யாரும் சான்று கேட்கவில்லை. கடைசியில் அவர் திராட்சைத் தோட்டச் சுற்றுலா பற்றி எழுதிப் பட்டம் வாங்கினார். அந்த நோட்டில் இருந்தது ஆய்வேடாகவில்லை. அதைத் தடுத்தது என் வாக்கியம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பாடத்தின் பகுதியாகப் பார்மாவுக்குக் கூட்டிப்போனார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்யும் இடம். பெரிய செப்புக் கொப்பரைகள். ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு சீஸ் வட்டுக்குச் சுமார் 550 லிட்டர் பால். குறைந்தது 12 மாதம் பதப்படவேண்டும். பாலைத் திரிக்கப் போடுவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்று விளக்கினார்கள். அப்போது என் வாயில் ஒரு துண்டு இருந்தது. விழுங்கினேன். தட்டு மறுபடி வந்தபோது இன்னொரு துண்டும் எடுத்தேன். அதன் பிறகும் இத்தாலியில் இருந்த காலம் முழுக்க அந்த சீஸைச் சாப்பிட்டேன்.

என் சைவத்துக்கும் மாட்டின் உயிருக்கும் சம்பந்தமில்லை என்று அன்று எனக்கு விளங்கிவிட்டது. கன்றின் இரைப்பை என் வயிற்றுக்குள் போகலாம். அவர் வாணலி என் சட்டியைத் தொடக்கூடாது. இது விளங்கிய பிறகும் ஹாஸ்டலுக்குத் திரும்பி அந்த டேப்பைக் கிழிக்கவில்லை. கிழித்தால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தேன்.

படிப்பு முடியும் சமயத்தில் அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வகுப்புல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. சாரி மட்டும் யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்க" என்றார்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேராசிரியைக்குக் கடிதம் எழுதினேன். நான் சொன்னது பொய், அந்தப் பெண்ணின் தலைப்பு நியாயமானது என்று எழுதினேன். எப்போது எழுதினேன் தெரியுமா? மதிப்பெண்கள் வந்த பிறகு. எனக்கு நஷ்டம் எதுவும் வராது, அவருக்கும் பலன் எதுவும் கிடைக்காது என்று ஆன பிறகு.

என் வீட்டில் இது எதுவும் தெரியாது. இத்தாலியில் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டபோது, "ரொட்டியும் சீஸும்தான், எதுவும் சேராமப் பாத்துக்கிட்டேன்" என்றேன். அம்மா அதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பில் பேசவைத்த அதே பயம் அங்கே என் வாயை அடைத்தது. அது இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்த முறை யாரிடமும் தனியாகச் சொல்லாமல் அச்சில் சொல்கிறேன். அம்மா இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பவர்.