விளக்கின் மொழி

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், செவிலிமேட்டுப் பாலாற்றுப் பாலத்தை இரவில் கடப்போர் பேசாமலே பேசிக்கொள்கின்றனர். எதிரே வரும் லாரி முகப்பு விளக்கைச் சிமிட்டினால், பெரும்பாலும் ‘நான் வருகிறேன், நீ பொறு’ என்றே பொருள். இங்கிலாந்திலோ அதே சிமிட்டலைப் பலர் ‘நீங்கள் வாருங்கள்’ என்று கொள்கின்றனர். அங்கே வண்டியோட்டப் போகும் நம்மவர் பாடு வேடிக்கைதான்!

எனக்கு அச்சமூட்டுவது சிமிட்டல் அன்று, தாழ்த்தப்படாத விளக்கே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். கூசிய கண் தெளியவோ சில நொடிகள் ஆகும். அதற்குள், தறிவேலை முடித்து வீடு திரும்பும் நெசவாளியின் மிதிவண்டி இரு ஒளிகளுக்கும் நடுவே மறைந்துபோகிறது. ஆகவே எதிரொளியை நோக்காமல் சாலையின் இடது ஓரத்தையே பார்த்து ஓட்டுகிறேன். ஒற்றை விளக்கைக் கண்டு இருசக்கர வாகனம் என்று நம்பிவிடுவதுமில்லை. ஒரு கண் இழந்த லாரியாகவும் இருக்கலாம்.

பகலுக்கும் ஒரு சாடை உண்டு. பட்டுக்கடைகள் நிறைந்த காந்தி சாலையில் முதியவர் சிலர், விரல்களை விரித்துக் குவித்து, ‘விளக்கு எரிகிறது, அணையுங்கள்’ என்று முன்பின் அறியாத இளைஞர்களுக்கு இன்றும் உணர்த்துகின்றனர். இளைஞர்கள் சிரித்தபடி போகின்றனர்; 2017 ஏப்ரல் முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில் விளக்கை அணைக்கும் பொத்தானே இல்லை.