ஆடாத தண்ணீர்

உமி பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் நாலு கண்ணாடிக் குழாய்கள். ‘யு’ வடிவம், பாதிவரை தண்ணீர், கண்ணுக்குத் தெரிய ஒரு சொட்டுச் சிவப்பு மை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் நெல் அவிக்கும் ஆலை ஒன்றில் நைட் ஷிப்டுக்குச் சேர்ந்த அன்று, அங்கிருந்த பெரியவர் ஒருவர் அதைத்தான் காட்டினார். “தம்பி, நெருப்பப் பாக்காத. தண்ணியப் பாரு.”

உள்ளே இருப்பது மணல். நாங்கள் ‘பெட்’ என்போம். உமி தனியாக இருந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், காற்றுக்குச் சரியாக மசியாது. மணலைப் போட்டு, அடியில் நாசில் வழியே ஊதினால் ஓர் அளவுக்கு மேல் அத்தனை மணலும் காற்றின் மேல் சாய்ந்துகொண்டு உலைத் தண்ணீர்போலக் கொதிக்கும். ஜெர்மனியில் விங்க்ளர் என்பவர் 1920களிலேயே பழுப்பு நிலக்கரியை வாயுவாக்க இப்படிக் கொதிக்க வைத்தார். எங்களுக்குக் கிழக்கே நெய்வேலியில் 250 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு, இதற்குப் பெரியண்ணன் முறையான சுழல் பெட்டில்தான் ஓடுகின்றன.

எண்ணூறு டிகிரிக்குள் கையை விட்டு மணல் எங்கே எவ்வளவு என்று தடவிப் பார்க்க முடியாது. அதற்குத்தான் சுவரில் துளைகள். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில், மேலும் கீழுமாக இரண்டு துளை; ஒரு குழாயின் இரு முனைகளும் அவற்றில். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் 10 செ.மீ. வித்தியாசம் காட்டினால், அந்த இடத்துக் கலவை தண்ணீர் அளவுக்கே கனக்கிறது. மணல் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். வகுத்தால் நூற்றுக்கு 38 பங்கு மணல், மீதி காற்று. மேல் ஜோடி 4 செ.மீ. காட்டினால் 15 பங்குதான். ஒரே குழாயோடு நிறுத்தியிருந்தால் மொத்த மணலின் கனம் மட்டும் தெரியும். அது எங்கே குவிந்து எங்கே மெலிந்திருக்கிறது என்பது தெரியாது.

ஒரு மார்கழி இரவு இரண்டாம் குழாயில் தண்ணீர் கோடு கிழித்தாற்போல நின்றது. இன்றைக்குத் தொல்லையில்லை என்று டீ குடிக்கப் போய்விட்டேன். கொதிக்கிற பெட்டில் குமிழி ஏறி உடைய உடையத் தண்ணீர் நடுங்கியாக வேண்டும். நடுங்காவிட்டால் துளையில் சாம்பல் அடைத்திருக்கும், இல்லையென்றால் அந்த மூலை செத்திருக்கும். அன்று செத்திருந்தது. நாசில் அடைத்து, காற்றுப் போகாத இடத்தில் சூடு தேங்கி, மணலும் சாம்பலும் கட்டி தட்டிப்போயிருந்தன. பெட் ஆறிய பிறகு உள்ளே இறங்கி, கடப்பாரையால் அந்தக் கிளிங்கரை உடைத்தது நான்தான். தோள் ஒரு வாரம் வலித்தது.

இப்போது ஷிப்ட் ஏறியதும் முதலில் துளைகளை ஊதிவிடுவேன். பிறகுதான் நடுக்கத்தைப் பார்ப்பது. அடியில் வடித்த மணலையும் சலித்துப் பார்க்கிறேன். அம்மா முறத்தில் கொழிக்கும்போது கல் ஒரு பக்கம் ஒதுங்கும் அல்லவா, பெட்டும் தன்னைத்தானே கொழித்துக்கொள்கிறது. பெரிய கல்லெல்லாம் அடியில் போய் நாசிலை மூடும். சல்லடையில் பருக்கை கூடினால் மணல் மாற்றும் நாள் வந்துவிட்டது.

உள்ளே நடப்பதை நாங்கள் இப்படித்தான் ஊகிக்கிறோம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு துகளுக்குக் கதிரியக்கம் ஏற்றி, கலத்துக்குள் அது போகிற வழியை வெளியிலிருந்தே பிடிக்கிறார்கள். கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

எங்களுக்குப் போன வருஷம் டிஜிட்டல் மீட்டர் வந்தது. எண் நிற்காமல் ஓடுகிறதே என்று, பொருத்த வந்தவர் 20 விநாடிச் சராசரிக்கு மாற்றிவிட்டுப் போனார். எண் இப்போது அழகாக நிற்கிறது. கண்ணாடிக் குழாய்களைக் கழற்ற நான் விடவில்லை. மை வெளுத்தால், மகளின் பேனாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் போகிறேன்.