ஒரே வாய்க்கால்

பாலாற்றுக் கரையில் ஒரு தோல் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் உழைத்தவன் நான். சேர்ந்தபோது ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிக்குள் இடுப்பளவு நின்று தோலைப் புரட்டினேன். ஓய்வு பெற்றபோது குரோம் டிரம்களுக்கு மேஸ்திரி. இப்போது வயது எழுபத்தாறு. சொந்தக்காரப் பிள்ளைகளில் சிலர் அரசாங்க ஆய்வுக்கூடங்களிலும் சிலர் தொழிற்சாலைகளிலும் இருக்கிறார்கள். இவர்கள் அவர்களையும், அவர்கள் இவர்களையும் குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு ராத்திரி நினைவுக்கு வருகிறது. அதை யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

சென்னை அடையாற்றில் 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் சி.எல்.ஆர்.ஐ. என்றுதான் பேச்சு. சுதந்திரம் வந்த சூட்டோடு சூடாக அரசாங்கம் தோலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கட்டியது சாதாரண காரியமில்லை. ஊர் ஒதுக்கி வைத்த தொழில் இது. தோல் உரிப்பவனுக்கும் பதனிடுபவனுக்கும் தண்ணீர் கொடுக்கவே தயங்கிய நாட்டில், பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் பச்சைத்தோலைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். 1958 முதல் 1971 வரை அங்கே இயக்குநராக இருந்த நாயுடம்மாவின் பெயரை எங்கள் பெரியவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். ஆராய்ச்சிக்காரரும் தொழில்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியே தீரவேண்டும் என்று நின்றவர் அவர். லெரிக் என்ற பெயரில் அப்படியொரு கூடுகை இன்றைக்கும் நடக்கிறது. 1985இல் கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்தபோது அவரும் அதில் இருந்தார்.

எங்கள் ஷாப்புக்குக் குரோம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதுவரை சென்னைத் துறைமுகம் வழியாகப் போனது பெரும்பாலும் பட்டைத் தோல்தான். அதை வாங்கி மெருகேற்றி லாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். 1972இல் சீதாராமையா குழு, பாதி முடித்த தோலை அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் அனுப்பச் சொன்னது. அரசாங்கமும் அப்படியே செய்தது. முதலாளிகள் பதறினார்கள். குரோமில் பதனிடவும் சாயம் ஏற்றவும் மெருகு போடவும் எங்களுக்கு யார் சொல்லித்தருவார்கள்? அடையாற்றுக்காரர்கள் சொல்லித் தந்தார்கள். ஆம்பூர் செருப்பு கடல் கடந்து போனதற்குப் பின்னால் அந்தக் கைகளும் இருக்கின்றன.

குரோமோடு தொல்லையும் வந்தது. டிரம்முக்குள் போடும் குரோமில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்த நீலப்பச்சைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, ஏரியில் சேர்ந்து, கிணற்றில் ஊறியது. என் மாமனார் வீட்டுக் கிணற்றில் பருப்பு வேகாமல் போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போனேன்.

எண்பதுகளின் கடைசியில் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் இதற்கு ஒரு முறை சொல்ல வந்தார். மீந்த குரோம் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு போட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் விட்டால் குரோம் அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்துவிட்டு, அடியில் கிடப்பதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே போடலாம். வாங்கும் குரோமும் மிச்சம், கிணறும் மிச்சம். முதலாளி அரை மனசோடு ஒப்புக்கொண்டார். நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எங்கள் ஷாப்பில் கழிவுக்கு ஒரே வாய்க்கால்தான் இருந்தது. சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீர், உப்புத்தோல் கழுவிய தண்ணீர், குரோம் தண்ணீர் எல்லாம் அதில்தான் கலக்கும். தனி வாய்க்கால் வெட்டக் காசு கேட்டால் முதலாளி கோபப்படுவார் என்று பயந்தேன். அதைவிட, நேற்று படித்து வந்த பையன் இருபது வருஷம் வேலை தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பதா என்றும் உள்ளே புகைந்தது. கலந்த தண்ணீரையே பிடித்துத் தொட்டியில் நிரப்பினேன். நோட்டில் ‘தனியாகப் பிடித்தது’ என்று எழுதினேன்.

கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த தண்ணீர் எப்படித் தெளியும்? அடியில் சேறுபோல் தங்கியது. அதைக் கரைத்துப் போட்டதில் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியது. நாற்பது தோல் வீண். ‘முறை சரியில்லை’ என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்த இளைஞர் சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து, இரவு ஷிப்டில், சொல்லாமல் வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, டிரம் வாயிலிருந்து வாய்க்காலோடு டார்ச் அடித்துக்கொண்டே நடந்தார். சுண்ணாம்புத் தண்ணீர் வந்து சேரும் இடத்தில் நின்றுவிட்டார். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: “மேஸ்திரி, ஒரே வாய்க்கால்தான்னு முதல்லயே சொல்லியிருந்தா, நான் அதுக்குத் தகுந்த மாதிரி யோசிச்சிருப்பேனே?”

“தப்பாயிடுச்சு சார்” என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

அவர் முதலாளியிடம் போய்ச் சொல்லவில்லை. என் நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, டிரம்முக்கு அடியில் ஒரு தொட்டி, அதிலிருந்து பம்பு வைத்து ஒரு குழாய் என்று படம் போட்டார். வாய்க்கால் வெட்டவே தேவையிருக்கவில்லை. செலவும் பெரிதில்லை. ஆனால் நாற்பது தோல் கெட்ட பிறகு முதலாளி அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அந்தப் படம் ஆறேழு வருஷம் என் அலமாரியில் கிடந்தது.

பிறகு நீதிமன்றம் பேசியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்றது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாகத் தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் இருந்தது. நீதிமன்ற உத்தரவால் பூட்டிய ஷாப்புகளின் வாசலில் கூலிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் என் தம்பியும் ஒருவன். அப்போதுதான் எல்லோரும் ஆய்வுக்கூடங்களைத் தேடி ஓடினார்கள். எங்கள் முதலாளியும் அந்தப் படத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கை நடுங்கியது. நான் உண்மையை எழுதியிருந்தால் அந்த ஆறேழு வருஷத் தண்ணீர் எந்தக் கிணற்றுக்கும் போயிருக்காது.

அந்தச் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். தொழில்காரன் தன் ஷாப்பின் குறையை மறைத்தால் எந்த விஞ்ஞானியாலும் உதவ முடியாது. வைத்தியரிடம் பொய் சொல்கிறவன் கதைதான். விஞ்ஞானிக்கும் ஒன்று சொல்வேன்: கண்ணாடிக் குடுவையில் சரியாக வந்தது டிரம்மில் வராதபோது, ஆளைக் குறை சொல்வதற்கு முன் வாய்க்காலோடு ஒருமுறை நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, நாம் ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் மையைப் பாருங்கள். தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் கண்டுபிடித்தது. மைசூர் பெயின்ட்ஸ் தயாரிக்கிறது. 1962 தேர்தல் முதல் அதுதான். இரண்டு பக்கமும் தன் வேலையை ஒளிக்காமல் செய்ததால் அழியாத மை கிடைத்தது.

தொண்ணூறுகளில் ஆய்வுக்கூடங்கள் தாங்களே சம்பாதிக்கவும் வேண்டும் என்ற பேச்சு வந்தது. மாஷேல்கர் இந்த ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் தலைமை இயக்குநராக இருந்தபோது அது பலப்பட்டது. தொழிலோடு நெருங்க அது உதவியது; மறுக்கமாட்டேன். ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. கட்டணம் கட்டக்கூடிய பெரிய கம்பெனிக்குக் கதவு திறப்பது எளிது. பத்துப் பேரை வைத்து டிரம் ஓட்டுகிறவன் என்ன செய்வான்? கிணற்றுச் சொந்தக்காரனுக்கு யார் ஆராய்ச்சி செய்வார்கள்? அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவனும் வரி கட்டியிருக்கிறான். ஆகவே, அரசாங்கப் பணத்தில் நடக்கும் இடம் அவனை முதலில் நினைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது தண்ணீரே விடாமல் குரோம் ஏற்றும் முறையை அடையாற்றில் கண்டுபிடித்திருக்கிறார்கள். உப்பும் அமிலமும் போட்டு ஊறவைக்கும் கட்டமும் அதில் இல்லையாம். கேட்டதும் அந்த இளைஞர் டார்ச்சோடு நடந்தது கண்முன் வந்தது.

போன வருஷம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். ஆவாரம்பட்டைப் பதனிடலைப் பற்றிப் பழைய ஆட்களிடம் கேட்டு எழுதுகிறாளாம். “தாத்தா, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?” என்றாள். நான் கெடுத்த தோல்களிலிருந்து ஆரம்பித்தேன்.