பற்றாசு

யாப்பிலக்கணம் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கண்ணயரும் இடம் ஒன்றுண்டு. இரண்டு குறட்பாக்களை இணைத்து நேரிசை வெண்பாவாக்குகையில், தனிச்சொல்லோடு ஓசை பொருந்தாமல் விட்டிசைத்தால் இடையே ஓரசையோ ஈரசையோ சேர்ப்பார்கள். அதற்கு ஆசு என்று பெயர். உலோகத் துண்டுகளைப் பற்றாசு வைத்து இணைப்பதைக் காரிகையின் உரைகாரர் இதற்கு உவமையாகக் காட்டுவார். அந்தப் பற்றாசைத்தான் இன்று சால்டர் என்கிறோம். 2019 ஏப்ரலில் கோடியக்கரையில், ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில், அந்த உவமையை அடுப்பிலேற்றிப் பார்க்கும்படி ஆயிற்று.

எங்கள் கல்லூரியில் படித்து முடித்த மாணவர் ஒருவரின் வீடு அது. முந்திய நவம்பர் 16 அன்று கஜாப் புயல் கூரையைப் பிய்த்தெறிய, மறுபடி வேய்ந்திருந்தார்கள். தாயார் உப்பளத் தொழிலாளி. மகன் அசைவூட்டக் கலை பயின்றுகொண்டிருந்தார். அதற்காகச் சென்னை ரிச்சி தெருவில் கிராஃபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டையொன்றைப் பழையதாக வாங்கியிருந்தார். பணம், தாயாரின் உப்பளக் கூலி. ஏழே மாதத்தில் திரையில் கோடுகள் விழுந்தன, பிறகு சதுரங்கக் கட்டம் போல வண்ணத் துண்டுகள், பிறகு இருட்டு. வேலை கேட்டிருந்த நிறுவனத்துக்கு மாதிரிப் படம் அனுப்பப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"அடுப்புல வெச்சா உசுரு வருதாமே ஐயா, நெசமா?" என்று கேட்டார்.

மின்னணுவியல் என் துறையன்று. ஆனால் பழுது பார்ப்பது எனக்குப் பழைய பித்து. முதலில் உப்புக் காற்றைத்தான் ஐயுற்றேன். கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. இங்கே கதவுக் கீல்கூட நெடுநாள் தாங்காது. அட்டையின் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பார்த்தோம். பயனில்லை.

இனி அடுப்பு. பழைய வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 பாகையில் உருகும். 2006 ஜூலை முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசு பரவலாயிற்று. அது உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். வீட்டு முறைகளிலோ இருநூறு பாகைக்குச் சற்றுக் குறைவாகவே சூடேற்றச் சொல்கிறார்கள். அப்படியானால் உருகுவது எது? பெரும்பாலும் எதுவுமே உருகுவதில்லை என்பதே என் துணிபு. சிலிக்கன் சில்லு சூட்டில் விரிவதைவிட, அதைத் தாங்கும் பலகை ஏறத்தாழ ஐந்து மடங்கு விரியும். நாள்தோறும் சூடேறி ஆறுவதில் இடையிலுள்ள நுண்ணிய இணைப்புகள் விரிசல் விடும். அடுப்புச் சூட்டில் அவ்விரிசலின் இரு கரைகளும் மறுபடி தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவே.

எக்ஸ்பாக்ஸ் 360 கதை இதற்குச் சான்று. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதன் உத்தரவாதத்தை மூன்றாண்டுகளாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. மக்கள் துண்டைச் சுற்றிக் கருவியைச் சூடேற்றி உயிர்ப்பித்தார்கள். வெளிப் பற்றாசுதான் குற்றவாளி என்று நம்பினார்கள். முறிவு சில்லுப் பொதியின் உள்ளிருந்த இணைப்புகளில் என்று 2021இல் வெளிவந்த ஆவணப்படத்தில் அந்நிறுவனத்தாரே விளக்கினர். அங்கே எந்த வீட்டு அடுப்பும் ஆசு சேர்க்க முடியாது.

அன்று தெரிந்தவரை சொன்னேன். "பன்னெண்டு நாள் ஓடினாப் போதும் ஐயா" என்றார்.

அந்த வீட்டில் மின்னடுப்பு ஏது? குக்கரில் உப்பைப் பரப்பிக் கேக் சுடும் முறை கைகொடுத்தது. சமையலுக்கு இனி வேண்டாத பழைய அலுமினியப் பாத்திரம்; அடியில் இரண்டு விரற்கடை அவர்கள் ஊர் உப்பு; கொல்லையில் விறகடுப்பு. சூடேறும் அட்டையின் புகை நஞ்சு. அதைச் சோற்றுப் பானையருகே விடலாகாது. விசிறியையும் வெப்பக் கடத்தியையும் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, மின்தேக்கிகளை அலுமினியத் தாளால் மூடினோம். மல்டிமீட்டரின் வெப்ப முனை 195 பாகை காட்டியதும் எட்டு நிமிடம் வைத்தோம். பிறகு நெருப்பை இழுத்துவிட்டு, முற்றும் ஆறும்வரை தொடவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். தாயார் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

திரை ஒளிர்ந்தது. ஒன்பதாம் நாள் படம் போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் வந்தார். திருத்துறைப்பூண்டியில் ஒருவர் அந்த அட்டைக்கு நாலாயிரம் தருவதாகச் சொல்கிறாராம். "ஓடும்போதே குடுத்துடலாமா ஐயா?" நான் உடனே விடை சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "நாம கழட்டுறப்பவே திருகெல்லாம் கீறியிருந்துச்சு. ஒட்டியிருந்த தாள் பழுப்பா இருந்துச்சு. நமக்கு முன்னாலயே யாரோ சுட்டிருக்காங்க."

நானும் அதைக் கண்டிருந்தேன்.

அட்டை பதினேழாம் நாள் மீண்டும் இருண்டது. அதற்குள் அதன் முதுகில் அழியாத மையால் 'சூடேற்றியது, 2019' என்று எழுதிவிட்டிருந்தார். பழுது என்று சொல்லியே உதிரிக்கு விற்றார்; முந்நூறு ரூபாய் கிடைத்தது. ஜூனில் அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது.