பகிடியும் வதையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே 'பகிடி' என்பது இனியதொரு சொல். திண்ணையிலும் சந்தையிலும் ஒருவர் பகிடி விடுவார். மற்றவர் மறுகணமே பதிலுக்குப் பகிடி விடுவார். திருப்பிச் சொல்லும் உரிமை இருவருக்கும் உண்டு. ஆதலால் அச்சிரிப்பில் நஞ்சில்லை. 'நளினம் பண்ணாதே' என்று ஒருவர் கூறும்போதோ நிலைமை வேறு. எழிலைக் குறிக்கும் சொல் அங்கே ஏளனத்தைக் குறிக்கின்றது. சிரிப்பு ஒருபக்கத்தாருக்கே உரியதாகிவிட்டது.

இந்தப் பகிடியோடு வதையையும் சேர்த்துவைத்த பெருமை நமது உயர்கல்வி நிலையங்களுக்கே உரியது. புதுமுக மாணவரை மூத்த மாணவர் துன்புறுத்தும் வழக்கத்தை ஈழத்தில் 'பகிடிவதை' என்கிறோம். சிங்களத்தில் அது 'நவக வதய'. புதியவரை வதைத்தல் என்பது பொருள். வதைபடுபவர் யாரென்பதைச் சிங்களச் சொல் கூறுகின்றது. தமிழ்ச் சொல்லோ வதைப்பவரின் சாட்டைத் தன் முன்பாதியிற் சுமந்து நிற்கின்றது. "பகிடிக்குத்தானே செய்தோம்" என்பதே அச்சாட்டு.

நான் மாணவனாயிருந்த விடுதியில், மலையகத் தோட்டமொன்றிலிருந்து என்னோடு வந்து சேர்ந்த நண்பரொருவரை மேசைமீது ஏற்றி, 'வர்றாங்க, போறாங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தனர். அவர்களது 'வருகினம், போகினம்' கேட்டு அவர் சிரித்திருக்க முடியுமா? சிரித்திருந்தால் அடியே விழுந்திருக்கும். தோட்டத் தொழிலாளி வீட்டு மொழி நகைப்புக்குரியது என்ற வர்க்கத் திமிரே அங்கு பகிடியாய் வேடமிட்டது. சில மாதங்களில் அவர் வகுப்பிற் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

செல்வர் பிள்ளையையும் ஏழை பிள்ளையையும் ஒரே தரையில் நிறுத்துவதற்கே இதெல்லாம் என்று சமத்துவச் சாயம் பூசுவோரும் உளர். மண்டியிட்டவன் கற்பது யாது? அடுத்த ஆண்டு பிறரை மண்டியிடச் செய்யலாம் என்பதையே.

1997இல் பேராதனைப் பொறியியற்பீட மாணவரொருவர் பகிடிவதைக்குள்ளாகிச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு 2 ஆண்டு வரையும், கடுங்காயம் விளைவித்தால் 10 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை வகுத்தது. அதன் பின்னரும் கொடுமை ஒழிந்தபாடில்லை.

குற்றம் நிகழ்ந்த பின்பே சட்டம் வருகின்றது. சிரிப்பு எழும்போது அங்கே நிற்பவர்கள் ஆசிரியரும் மாணவருமே. அப்பொழுது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: சிரிக்கப்படுபவர் அச்சமின்றித் திருப்பிச் சொல்ல முடியுமா? முடியாதெனின், அதனைப் பகிடி என்று அழைக்க நாம் உடன்படலாகாது.